வடுவும் வடிவும்

முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று பிறருக்குக் கற்பித்த எனக்கு, ஓய்வு பெற்றபின் மாணவனாய் அமரும் வாய்ப்பு ஒரு பழைய புகைப்படத்தினால் வந்தது. என் தாயார் மணமான புதிதில், 1958ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோ ஒன்றில் எடுக்கப்பட்ட படம் அது. நான்கு அங்குல உயரமும் மூன்று அங்குல அகலமுங் கொண்ட அந்தக் கடதாசித் துண்டைத் தவிர, அவரை இளமைக் கோலத்திற் காட்டும் படம் வேறொன்றும் எங்கள் குடும்பத்தில் எஞ்சவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்துச் சனங்கள் இடம்பெயர்ந்தபோது, தகரப் பெட்டியொன்றின் அடியில் அதுவும் எங்களோடு வந்தது. வழியில் மழையில் நனைந்தது; பின்னர் கறையானும் அதைக் கண்டுகொண்டது. கன்னத்தின் குறுக்கே ஒரு வெடிப்பு. முகமெங்கும் பழுப்புக் கறை. மடியில் வைத்திருந்த இடக்கையை முற்றாகக் கறையான் தின்றுவிட்டது.

“மாமா, இதைக் கணினியிலே திருத்தலாம். நீங்களே செய்யலாம்” என்றான் மருமகன். சொன்னதோடு நில்லாமல் படத்தை நகலெடுத்து, என் கணினியில் ‘கிம்ப்’ என்னும் மென்பொருளையும் ஏற்றிவிட்டு, கொழும்புக்கு வண்டியேறிவிட்டான்.

புகைப்படத்தைத் திருத்தும் மென்பொருள் என்றதும் எவர் வாயிலும் முதலில் வருவது ‘போட்டோஷொப்’ என்ற பெயரே. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த தோமஸ் நோல், 1987ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய சிறு நிரலொன்றே அதன் வித்து. அவருடைய சகோதரர் ஜோன் நோலும் சேர்ந்து அதனை வளர்க்க, 1990ஆம் ஆண்டில் அடோபி நிறுவனம் அதை விற்பனைக்கு விட்டது. கிம்ப் அதற்குப் பின்வந்தது. கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பல், பீற்றர் மற்றிஸ் ஆகிய இருவரும் 1995ஆம் ஆண்டில் அதைத் தொடங்கினர். அது விலையின்றிக் கிடைப்பது; ஓய்வூதியக்காரனுக்கு உகந்தது.

விலையின்றிக் கிடைத்ததேயன்றி, வருத்தமின்றி அது வசப்படவில்லை. முதல்நாள் திரையைத் திறந்தபோது, அறிமுகமில்லாத தச்சன் ஒருவனின் பட்டறையில் தனித்து விடப்பட்டவன்போல் ஆனேன். எங்கு நோக்கினும் கருவிகள்; எதை எதற்கு எடுப்பதென்று தெரியவில்லை. அவற்றிடையே, குச்சியொன்றின் நுனியில் வட்டத் தகடு பொருத்தியது போன்ற ஓர் அடையாளம் இருந்தது. அதன் பொருளைத் தேடியறிந்தபோதுதான் எனக்குச் சற்றே துணிவு பிறந்தது. முன்னாளில் இருட்டறையிற் படம் அச்சிடுவோர், கடதாசியில் ஒளி விழும்போது ஒரு பகுதியை மட்டும் அத்தகைய தகட்டினால் மறைப்பர். ஒளி குறைந்த இடம் வெளுத்து நிற்கும். மிகுதியாய்ப் பட்ட இடம் கறுக்கும். அந்தக் கைவினையையே கணினி அடையாளமாக்கி வைத்திருக்கிறது. புதிய சாத்திரத்தின் கீழே பழைய தொழிலொன்று மறைந்திருப்பதைக் கண்டபின் அச்சம் பாதி நீங்கியது.

அடுத்த பாடம் கணக்கு. அங்குலத்துக்கு 600 புள்ளிகளாக நகலெடுத்த அந்தச் சிறிய படம், திரையிலே 43 இலட்சத்து 20 ஆயிரம் புள்ளிகளாய் விரிந்து நின்றது. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு: சுழியம் என்பது முழுக் கறுப்பு, 255 என்பது முழு வெள்ளை. எந்த எண்ணில் எத்தனை புள்ளிகள் உள்ளன என்பதை மலைத்தொடர் போன்ற ஒரு வரைபடம் காட்டும். மங்கிய படத்தில் அம்மலை நடுவிலே குவிந்து, இருபுறமும் வெட்டவெளியாய்க் கிடக்கும். அதன் கீழுள்ள சிறு முக்கோணங்களை மலையின் இரு அடிவாரங்களுக்கும் நகர்த்தினேன். அறுபது ஆண்டுகளுக்கு மேலாய் மங்கியிருந்த கூந்தல் கறுத்தது. சேலைக் கரை தெளிந்தது. மகிழ்ச்சி மிகுதியால் முக்கோணங்களை மேலும் நெருக்கினேன். கூந்தலின் இழைகள் அழிந்து கரிப்பூச்சாயின. மலைக்குள் புகுந்தால் உள்ளதும் போய்விடும் என்பதை அன்று கற்றேன்.

எல்லாவற்றிலும் அருமையானது ‘லேயர்’ எனப்படும் அடுக்கு முறை. ஓவியத்தின்மேல் கண்ணாடித் தகட்டை வைத்து, அதன்மேல் வரைவதை ஒத்தது இது. மூலப்படம் கீழே தீண்டப்படாமல் இருக்கும்; திருத்தமெல்லாம் மேலடுக்கில் நிகழும். இதனை அறியாத நான் முதல் வாரம் முழுவதும் மூலத்திலேயே திருத்தி, அடுக்குகளற்ற சாதாரணப் படமாய் அதே பெயரிற் சேமித்தும் வைத்தேன். மறுநாள் பிழைகளைக் கண்டபோது மீளும் வழி இருக்கவில்லை. மருமகன் பொறுமையோடு மீண்டும் ஒரு பிரதி அனுப்பினான். இம்முறை மூன்று அடுக்குகள் வைத்தேன்: அடியில் மூலம், நடுவில் ஒளி சீர்செய்த பிரதி, மேலே பழுது பார்க்கும் பிரதி.

பழுது பார்க்கும் கருவிகள் இரண்டு. ஒன்று, ஓரிடத்தை அப்படியே மற்றோரிடத்திற் பதிக்கும் முத்திரை. மற்றது, பதித்ததைச் சூழவுள்ள நிறத்தோடு இசைத்துவிடும் மருந்துப் பட்டி. பெரிதாக்கிய திரையில் தாயாரின் முகம் புள்ளி புள்ளியாய் நிற்க, இரவு பகலாய்க் கறைகளை ஒவ்வொன்றாய் அகற்றினேன். வெடிப்பு மறைந்தது. புருவத்தின்மேலிருந்த ஒரு கோடும் மறைந்தது. வலக்கையின் பிரதியைத் திருப்பி வைத்து இடக்கையையும் ஆக்கினேன். மூன்று மாதம் முடிந்தபோது, நேற்று எடுத்தது போன்ற படம் திரையில் நின்றது. ஆசிரியன் தனக்குத்தானே நூற்றுக்கு நூறு புள்ளி வழங்கிக்கொண்ட தருணம் அது!

அதனை அச்சிட்டு அக்காவிடம் கொண்டு சென்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“நல்ல வடிவாய் இருக்குது தம்பி. ஆனால் இது அம்மா இல்லை.”

திகைத்துப்போனேன். அவர் விரல் படத்தின் நெற்றியில் நின்றது. “இதிலே இருந்த தழும்பு எங்கே? சின்ன வயதிலே கிணற்றுக்கட்டில் அடிபட்ட காயம். நாங்கள் மடியிற் கிடந்து தடவிப் பார்ப்பமே, மறந்து போனியோ?”

மறந்துதான் போயிருந்தேன். கறை என்றெண்ணி நான் நீக்கிய கோடு கடதாசியிலிருந்த கறை அன்று. என் தாயாரின் முகத்தில் இருந்தது.

படத்தைத் திருத்துவது இன்று பிறந்த வழக்கமன்று. 1857ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஒஸ்கார் றெயிலண்டர் என்பவர் முப்பதுக்கு மேற்பட்ட நெகற்றிவ்களை இணைத்து ஒரே படமாக்கிக் காட்டினார். ஸ்ரூடியோக்காரர் நெகற்றிவ்வின்மேல் கூரிய பென்சிலாற் பருவையும் சுருக்கத்தையும் மறைப்பது ஒருகாலத்தில் அன்றாடத் தொழில். அப்படியானால், 1958இல் அந்தப் படத்தை எடுத்தவரும் அத்தழும்பை மறைத்திருக்கலாம். அவர் மறைக்கவில்லை. என் தாயார் வேண்டாமென்றாரோ, அவருக்கே மனம் வரவில்லையோ, அறியேன். அவர் விட்டுவைத்ததை மகனாகிய நான் அழித்துவிட்டேன்.

அடுக்கு முறையே என்னைக் காத்தது. மேலடுக்கின்மேல் ‘மாஸ்க்’ என்னும் மறைப்பை விரித்து, நெற்றியில் அந்த இடத்தை மட்டும் கறுப்புத் தூரிகையால் மெல்லத் தடவினேன். மேலடுக்கு விலக, கீழடுக்கிலிருந்து தழும்பு எழுந்து வந்தது. பின்னர் நான் ஆக்கிய இடக்கையையும் அவ்வாறே நீக்கினேன். 2023ஆம் ஆண்டு முதல் போட்டோஷொப்பில், இல்லாத பகுதியைச் சொற்களாற் கேட்டாலே செயற்கை அறிவு வரைந்து கொடுக்கிறது. கேட்டிருந்தால் அழகிய கையொன்று எனக்குங் கிடைத்திருக்கும். எனினும் அது எங்களுக்குச் சோறூட்டிய கை ஆகாது. கறையான் தின்ற மூலையை வெறுஞ் சாம்பல் நிறமாகவே விட்டுவிட்டேன்.

இக்கலையைப் புதிதாய்க் கற்க விரும்பும் மாணவருக்கு நான் கூறக்கூடியவை இரண்டே. மூலத்தை ஒருபோதும் தொடாதீர். திருத்தத்தை மேலடுக்கிலே செய்யுங்கள். அழிக்குமுன், அந்த முகத்தை அறிந்த ஒருவரிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள். என் அக்கா இல்லாதிருந்தால், பிழையான படமொன்றையே தாயாரின் படமென்று பேரப்பிள்ளைகளுக்கு நான் கொடுத்துச் சென்றிருப்பேன்.

இப்போது அந்தப் படம் அக்காவின் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஒரு கை இல்லை. நெற்றியில் தழும்பு இருக்கிறது.