லாஜிக்கல் வால்யூம் நீக்கம்: அழிவது எது, மிஞ்சுவது எது?

மாதக் கடைசியில் பில்லிங் மென்பொருள் திடீரென்று நின்றுவிடும். பார்த்தால் சர்வரின் ரூட் பகுதி நூறு சதவீதம் நிரம்பியிருக்கும். “பழைய வால்யூம் ஒன்று சும்மாதானே கிடக்கிறது, எடுத்துவிடு” என்று யாராவது சொல்வார்கள். லினக்ஸ் சர்வரில் எல்விஎம் இருந்தால் அதற்கு ‘எல்விரிமூவ்’ என்ற ஒரு வரிக் கமாண்ட் போதும். செயல்நிலையில் (ஆக்டிவ்) இருக்கும் வால்யூம் என்றால் ‘நிச்சயமாக நீக்கவா?’ என்று ஒருமுறை கேட்கும். கேள்வியே வேண்டாம் என்று ஸ்கிரிப்டில் எழுதியிருந்தால் அதுவும் கேட்காது.

நீக்கும்போது நடப்பது

எல்விஎம் ஒன்றோ பலவோ டிஸ்க்குகளைச் சேர்த்து வால்யூம் குரூப் ஆக்குகிறது. அதிலிருந்து வேண்டிய அளவுக்கு லாஜிக்கல் வால்யூம்களைப் பிரித்துத் தருகிறது. எந்த வால்யூமுக்கு டிஸ்க்கின் எந்தத் துண்டுகள் என்பது மெட்டாடேட்டாவில் பதிவாகியிருக்கும். ஒரு துண்டு வழக்கமாக 4 எம்பி. எல்விரிமூவ் நீக்குவது அந்தப் பதிவை மட்டும்தான். பத்திரப் பதிவேட்டில் பெயரை அடித்தால் நிலம் காணாமல் போகாது, வேறொருவர் வந்து வீடு கட்டும்வரை பழைய பயிர் அங்கேயே நிற்கும். தரவும் அப்படித்தான்.

தவறுதலாக நீக்கியவரை இதுவே காப்பாற்றும். வாடிக்கையாளர் விவரங்களை ஒழித்துவிட்டோம் என்று நம்பி டிஸ்க்கை விற்பவரை இதுவே மாட்டிவிடும்.

நீக்காமலே இடம் கிடைக்கலாம்

முதலில் ‘விஜிஎஸ்’ கமாண்டில் வால்யூம் குரூப்பில் எவ்வளவு காலியிடம் இருக்கிறது என்று பாருங்கள். உபுண்டு சர்வரை எல்விஎம்மோடு வழக்கமான முறையில் நிறுவினால், 200 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கிலும் ரூட்டுக்கு 100 ஜிபி மட்டுமே ஒதுக்குகிறது. மீதி ஒதுக்கப்படாமல் கிடக்கும். ‘எல்விஎக்ஸ்டெண்ட்’ கமாண்டில் ஃபைல் சிஸ்டத்தையும் சேர்த்து விரிக்கும் தெரிவு இருக்கிறது. பல நேரங்களில் அதுவே போதும். வால்யூமை நீக்கினாலும் இடம் குரூப்புக்குத்தான் திரும்பும், நிரம்பிய ரூட்டுக்குத் தானாக வந்து சேராது.

‘சும்மா கிடப்பது’ என்ற தவறான கணிப்பு

மவுண்ட் ஆகாத வால்யூம் எல்லாம் அநாதை அல்ல. கேவிஎம் சர்வரில் ஒரு விர்ச்சுவல் மெஷினின் முழு டிஸ்க்கும் ஒரு லாஜிக்கல் வால்யூமாக இருக்கலாம். அந்த மெஷின் அணைந்திருக்கும் நேரத்தில் நீக்கினால் எந்த எச்சரிக்கையும் கைகொடுக்காது. பூட் ஆகும்போது மவுண்ட் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் வால்யூமின் பெயர் இருந்தால் அடுத்த ரீபூட்டில் சர்வர் எமர்ஜென்சி மோடில் நின்றுவிடக்கூடும். மூல வால்யூமை நீக்கினால் அதன் வழக்கமான ஸ்னாப்ஷாட்டுகளும் சேர்ந்தே போகும். ஸ்னாப்ஷாட் இருப்பது அதே வால்யூம் குரூப்பில்தான் என்பதால் அதைப் பேக்கப் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கமாண்ட் சரியாக இருந்து சர்வர் மாறிப்போவதும் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸ் சர்வரில் தரவுக் கோப்புறையை நீக்கத் தொடங்கினார். நிறுத்தியபோது சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. வழக்கமான பேக்கப் பல நாட்களாகவே தோல்வியடைந்து வந்திருந்தது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறொரு தேவைக்காக எடுத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட், அழியாத வேறு சர்வரிலும் நகலாக இருந்ததால் பெரும்பகுதி மீண்டது.

தவறாக நீக்கிவிட்டால்

1. அந்த வால்யூம் குரூப்பில் எதையும் எழுதாதீர்கள். புதிய வால்யூம் உருவாக்குவது, இருப்பதை விரிப்பது, தானாக ஓடும் ஸ்கிரிப்டுகள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

2. எல்விஎம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் பழைய மெட்டாடேட்டாவை ‘இடிசி’ கோப்புறைக்குள் எல்விஎம் ஆர்க்கைவில் சேமிக்கிறது. ‘விஜிசிஎஃப்ஜிரிஸ்டோர்’ கமாண்டின் பட்டியலில், எந்தக் கமாண்டுக்கு முன் எடுத்த நகல் என்ற குறிப்பும் இருக்கும். எல்விரிமூவுக்கு முந்தைய நகலைத் தேர்ந்து மீட்டு, வால்யூமை உயிர்ப்பித்து, படிக்க மட்டும் மவுண்ட் செய்து, தரவை வேறு டிஸ்க்குக்கு எடுங்கள்.

3. இடையில் வேறு மாற்றம் நடந்திருந்தால் பழைய நகல் அதையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். மீட்பதற்கு முன் டிஸ்க்கின் முழு நகல் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

எழுத எழுத மட்டும் இடம் ஒதுக்கும் ‘தின் பூலில்’ இருந்த வால்யூமுக்கு இந்த வழி உதவாது. இந்த இடம் இனி தேவையில்லை என்று டிஸ்க்குக்குச் சொல்லும் ‘டிஸ்கார்ட்’ வசதி எல்விஎம் அமைப்பில் இயக்கப்பட்டிருந்தால், எஸ்எஸ்டியில் தரவு அப்போதே போய்விடக்கூடும். அங்கெல்லாம் பேக்கப்தான் கதி.

சட்டம் சொல்வது

உரிமையாளரின் அனுமதியின்றி கணினியில் உள்ள தகவலை அழித்தால், இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவின்படி இழப்பீடு கோரலாம். 5 கோடி ரூபாய் வரையான கோரிக்கைகளைத் தீர்ப்பளிக்கும் அதிகாரி விசாரிப்பார். நேர்மையற்ற நோக்கம் இருந்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். எனவே நீக்கச் சொல்பவர் எழுத்தில் சொல்லட்டும். வாய்மொழி உத்தரவை மின்னஞ்சலில் உறுதிப்படுத்தக் கேட்பது ஊழியருக்குப் பாதுகாப்பு.

முதலாளி சொன்னாலும் அழிக்கக் கூடாதவை உண்டு. கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு சர்வர் லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. இடம் தேடும்போது முதலில் கண்ணில் படுவது லாக் வால்யூம்தான் என்பதால் இதைக் கவனிக்க வேண்டும்.

அழித்தே ஆகவேண்டியவையும் உண்டு. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தங்கள் தரவை நீக்கக் கோரும் உரிமையைத் தனிநபர்களுக்குத் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அப்படி நீக்கும்போது வெறும் எல்விரிமூவ் போதாது. வால்யூம் இருக்கும்போதே அதன் மேல் முழுமையாக எழுதி அழித்துவிட்டுப் பிறகு நீக்குங்கள். பெயர் போனபின் அந்தத் துண்டுகளை மட்டும் குறிவைப்பது கடினம். எஸ்எஸ்டியில் மேலெழுதுவதும் உறுதியல்ல. அங்கே தொடக்கத்திலேயே என்கிரிப்ட் செய்து, தேவை முடிந்ததும் சாவியை அழிப்பதே நம்பகமான வழி. அதே சட்டம் தனிநபர் தரவு தற்செயலாக அழிந்துபோவதையும் தரவு மீறலாகவே கருதுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

அவசரமில்லாத நீக்கம்

சந்தேகமுள்ள வால்யூமின் பெயரை ‘எல்விரீநேம்’ மூலம் மாற்றி, செயலிழக்கச் செய்து, ஒரு மாதக் கணக்கு முடியும்வரை காத்திருங்கள். யாருக்காவது தேவைப்பட்டால் ஓரிரு கமாண்டில் திரும்பக் கொடுத்துவிடலாம். யாரும் கேட்கவில்லை என்றால், வேறு சர்வரில் பேக்கப் எடுத்து, அதை ஒருமுறை மீட்டும் பார்த்து, உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு நீக்குங்கள்.