ஒளிகுறைப்பியுடன் கூடிய எல்இடி உட்பதி விளக்குகள்

உட்பதி விளக்கு என்பது உட்கூரையில் இடப்பட்ட துளைக்குள், விளிம்பு மட்டும் வெளியே தெரியும் வகையில் பொருத்தப்படும் மின்விளக்கு ஆகும். டிம்மர் என வழங்கும் ஒளிகுறைப்பி, விளக்கின் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் பயன்படும் சுவர்ச் சுவிட்சு ஆகும். ஆலசன் உட்பதி விளக்குகளை எல்இடி விளக்குகளாக மாற்றும்போது, பழைய ஒளிகுறைப்பியை அப்படியே விட்டுவிடுவதால் சிக்கல்கள் எழுகின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிடில் விளக்கு மினுக்கும், இரையும், விரைவில் பழுதடையும்.

வரலாறு

திண்மநிலை ஒளிகுறைப்பியை 1959இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஜோயல் ஸ்பைரா உருவாக்கினார். அது இழைக் குமிழ்களுக்காக அமைக்கப்பட்டது. கண்ணுக்குப் புலப்படும் சிவப்பு எல்இடியை 1962இல் நிக் ஹோலோனியாக் உருவாக்கினார். வெண்ணிற எல்இடிக்கு வழிவகுத்த நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகியோர் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றனர். இந்தியாவில் 2015இல் தொடங்கப்பட்ட உஜாலா திட்டம் எல்இடி குமிழ்களைக் குறைந்த விலையில் வீடுகளுக்குக் கொண்டு சென்றது.

செயற்படும் விதம்

இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு, 50 ஏர்ட்சு மாறுதிசை மின்னோட்டம் ஆகும். இதன் ஒவ்வோர் அரை அலையும் 10 மில்லி நொடி நீடிக்கும். ஒளிகுறைப்பி ஒவ்வோர் அரை அலையிலும் ஒரு பகுதியை வெட்டிவிடுகிறது. இதில் இரு வகைகள் உள்ளன:

- முன்விளிம்பு வகை: டிரையாக் என்னும் குறைகடத்தியைக் கொண்டு அலையின் தொடக்கத்தை வெட்டும். இழைக் குமிழ்களுக்கு ஏற்றது.
- பின்விளிம்பு வகை: அலையின் இறுதியை வெட்டும். பெரும்பாலான எல்இடி விளக்குகளுக்கு இதுவே பொருத்தமானது.

இழைக் குமிழின் இழை சூடாக இருப்பதால் இவ்வெட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை. எல்இடியோ மின்னோட்ட மாற்றத்துக்கு உடனே வினைபுரியும். அதற்கு மின்சாரம் அளிக்கும் டிரைவர் என்னும் மின்சுற்று, வெட்டப்பட்ட அலையை உணர்ந்து ஒளியைக் குறைக்கும் வகையில் அமைந்திருக்க வேண்டும். சாதாரண எல்இடி குமிழ்களில் இவ்வசதி இருப்பதில்லை.

மின்சுமைக் கணக்கு

தலா 50 வாட்டு கொண்ட 6 ஆலசன் விளக்குகளின் மொத்தச் சுமை 300 வாட்டு ஆகும். அவற்றுக்கு மாற்றாக 6 வாட்டு எல்இடி விளக்குகளைப் பொருத்தினால் சுமை 36 வாட்டு மட்டுமே. நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரிந்தால், 30 நாளில் 45 யூனிட்டுக்குப் பதிலாக 5.4 யூனிட்டு செலவாகும்.

ஆனால் பழைய ஒளிகுறைப்பிகள் பலவற்றுக்குக் குறைந்தது 40 முதல் 60 வாட்டு வரை சுமை தேவை. சுமை அதனினும் குறையும்போது டிரையாக் தொடர்ந்து கடத்த இயலாமல் இடையிடையே அணைகிறது. மினுக்கலுக்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

விசிறிச் சீராக்கி

மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கும் சீராக்கியை ஒளிகுறைப்பியாகப் பயன்படுத்துவது தவறு. படிப்படியாக மாறும் சீராக்கிகள் மின்தேக்கிகளைக் கொண்டு விசிறி மோட்டாருக்கென அமைந்தவை. மின்தடையின்போது சதுர அலை தரும் இன்வெர்ட்டர்களிலும் ஒளிகுறைப்பி சரியாக இயங்காமல் போகலாம். சைன் அலை இன்வெர்ட்டர் இதற்கு ஏற்றது.

வெப்பமும் விருதுநகர் வட்டாரமும்

எல்இடி வெளிவிடும் வெப்பம் விளக்கின் பின்புறமாகச் செல்கிறது. விருதுநகர், சிவகாசி போன்ற வறண்ட ஊர்களில் கோடை வெயிலில் காங்கிரீட்டு மொட்டைமாடி பகல் முழுவதும் சூடேறுகிறது. அதன் கீழ் அமைந்த பொய்க்கூரையின் இடைவெளியில் அவ்வெப்பம் தேங்கும். டிரைவரில் உள்ள மின்பகு மின்தேக்கியின் ஆயுள், வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயரும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். எனவே விளக்கைச் சுற்றிக் காற்றிடம் விடுதல் இன்றியமையாதது.

வீட்டு வகை ஒளிகுறைப்பியும் சுவிட்சும் தீப்பொறி வெளிவராத உறை கொண்டவை அல்ல. ஆகவே வெடிமருந்துக் கலவை கையாளப்படும் இடங்களுக்கு அவை உரியன அல்ல. சிவகாசி வட்டாரத்தின் பட்டாசுக் கொட்டகைகளில் பகல் வெளிச்சத்தில் பணி நடைபெறுவதற்குத் தீப்பொறி குறித்த எச்சரிக்கையும் ஒரு காரணமாகும். உரிமமின்றி வீட்டில் பட்டாசு செய்வது சட்டப்படி குற்றம் என்பதோடு, அவ்வீட்டின் எந்தச் சுவிட்சும் விபத்துக்குக் காரணமாகக்கூடும்.

மாற்றும் முறை

1. முதன்மைச் சுவிட்சை அணைத்து, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்தறிய வேண்டும். ஒளிகுறைப்பியை அணைப்பது மட்டும் போதாது.
2. பழைய விளக்கு 12 வோல்ட்டு வகையாயின், அதன் மின்மாற்றியை நீக்கி எல்இடிக்குரிய டிரைவரைப் பொருத்த வேண்டும்.
3. ஒளிகுறைப்பிக்கு ஏற்றது என உறையில் குறிக்கப்பட்ட விளக்கையே வாங்க வேண்டும்.
4. விளக்குகளின் மொத்தச் சுமை, ஒளிகுறைப்பியின் எல்இடி சுமை வரம்புக்குள் அமைய வேண்டும்.
5. ஒளிகுறைப்பியின் மிகக் குறைந்த ஒளி அளவை, விளக்கு மினுக்காத நிலையில் அமைக்க வேண்டும்.

இப்பணியை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு செய்வதே பாதுகாப்பானது.

ஒளியின் தன்மை

இழைக் குமிழ் ஒளி குறையும்போது செம்மஞ்சளாக மாறும். சாதாரண எல்இடி தன் நிறத்தை மாற்றாமல் மங்கும். மேலும், அளவியில் 10 விழுக்காடாகக் குறைந்த ஒளி மனிதக் கண்ணுக்கு ஏறத்தாழ 32 விழுக்காடாகத் தோன்றும். இதனால், மங்கலான ஒளி வேண்டுமெனில் மிகக் குறைந்த அளவு வரை நிலையாக இறங்கும் விளக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.