கியர்பாக்ஸின் எண்ணெயும் ரேடியேட்டரின் தண்ணீரும்

திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி செல்லும் சாலையில், பனியன் கம்பெனிகளின் வேலை முடியும் நேரத்து நெரிசலில் நின்று நின்று நகரும் ஆட்டோமேட்டிக் கார்களில், எஞ்சினுக்கு இணையாகச் சூடேறுவது கியர்பாக்ஸிலுள்ள எண்ணெய். இவற்றில் பலவற்றில் கிளட்சின் இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதில் எஞ்சினோடு சுழலும் சக்கரம் எண்ணெயை வீச, அந்த வீச்சு எதிரிலுள்ள மற்றொரு சக்கரத்தைச் சுழற்றி விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிறது. இரு சக்கரங்களின் வேகமும் ஒன்றாகாத வரை, இடையில் இழக்கப்படும் ஆற்றல் வெப்பமாகி எண்ணெயில் சேர்கிறது. செங்கப்பள்ளியைக் கடந்து செல்லும் தேசிய நெடுஞ்சாலை 544இல் சீரான வேகத்தில் ஓடும்போது லாக்-அப் கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடுவதால் இவ்வெப்பம் வெகுவாகக் குறைகிறது.

பொதுவாக 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரையிலான சூட்டில் நன்கு உழைக்கும் இந்த எண்ணெய், 120 பாகையைத் தாண்டித் தொடர்ந்து சூடேறினால் ஆக்சிஜனோடு வினைபுரிந்து கெடத் தொடங்குகிறது. அந்நிலையில் ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் எண்ணெயின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு.

ஆகவே பல வாகனங்களில் எண்ணெய் குழாய் வழியே ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள் பொருத்தப்பட்ட கூலருக்குச் சென்று, அதைச் சூழ்ந்துள்ள கூலன்ட் திரவத்திடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. சிலவற்றில் கியர்பாக்ஸின் மேலேயே அமைந்த தகட்டுக் கூலருக்கு அதே கூலன்ட் வந்து சேர்கிறது. பாரம் இழுக்கும் வண்டிகளில் காற்றால் குளிரும் தனிக் கூலரும் சேர்க்கப்படுவதுண்டு. சாதாரண கியர்பாக்ஸில் கிளட்சையும் கியரையும் கருவியே இயக்கும் ஏ.எம்.டி. வகைக் கார்களில் டார்க் கன்வெர்ட்டர் இல்லாததால் இத்தகைய கூலர் தேவைப்படுவதில்லை.

ரேடியேட்டரை நம்பியே கியர்பாக்ஸ் குளிர்வதால், இப்பகுதியில் எளிதில் கிடைக்கும் போர்வெல் உப்புத்தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் இரு கருவிகளுக்கும் கேடாகிறது. அதன் உப்புகள் படிந்து வெப்பம் கடக்கும் வழியை அடைக்கின்றன. துரு கூலரின் சுவரை அரித்துவிட்டால் கூலன்ட் எண்ணெயில் கலந்து, எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளிறி, உள்ளிருக்கும் கிளட்ச் தகடுகளைப் பாழாக்கும். தயாரிப்பாளர் குறித்த கூலன்டை மட்டும் ஊற்றுவதும், எண்ணெயின் நிறத்தையும் மணத்தையும் சர்வீஸ்தோறும் பார்க்கச் சொல்வதும் கார் வைத்திருப்போர் ஒவ்வொருவரும் இன்றே கைக்கொள்ள வேண்டிய கடமைகள்.