துப்பாக்கி உரிமம் கைக்கு வந்தாச்சா? கடலூர், சிதம்பரம்காரர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை!

கடலூரை ஒட்டி குண்டு உப்பலவாடி என்றோர் ஊர் இருக்கிறது. பெயரில் உள்ள ‘குண்டு’, பீரங்கிக் குண்டுதான். 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியர்களிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியபோது ஒரு விநோத ஒப்பந்தம் போடப்பட்டது. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட வேண்டும். குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள கிராமங்களும் கம்பெனிக்குச் சொந்தம். அப்படிக் கைமாறியவைதான் ‘குண்டு கிராமங்கள்’.

அன்று குண்டுதான் எல்லையை முடிவு செய்தது. இன்று துப்பாக்கி எதுவரை போகலாம் என்று சட்டம்தான் எல்லை போடுகிறது. அந்த எல்லை தெரியாமல் உரிமம் வாங்குபவர்கள்தான் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வங்கிக் காவலர் வேலைக்குச் சேர்பவர், நகைக்கடை நடத்துபவர், உயிருக்கு அச்சுறுத்தல் இருப்பவர், துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர் என உரிமம் கேட்பவர்கள் பலவகை. நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ இந்தப் பட்டியலில் இருந்தால், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்க வீடியோ நமக்கு உதவாது

யூடியூபில் துப்பாக்கி டிப்ஸ் தேடினால் வருவதெல்லாம் அமெரிக்க வீடியோக்கள். இடுப்பில் துப்பாக்கி தெரிய சூப்பர் மார்க்கெட்டில் நடப்பார்கள். அங்கே பல மாநிலங்களில் அதற்குச் சட்டம் இடம் தருகிறது. இங்கே அப்படி இல்லை.

நம் நாட்டில் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளும்தான் வழிகாட்டி. பொது இடத்தில் கைத்துப்பாக்கி என்றால், அதற்கென்று செய்த உறையில் உடலோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும். நீளத் துப்பாக்கி என்றால் அதற்கான பையில் இருக்க வேண்டும். எதுவானாலும் முழுமையாக மூடியிருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். வெளியே எடுத்துக் காட்டுவதே தவறு.

வங்கி வாசலில் காவலர் கையில் துப்பாக்கி தெரிவது அவர் வேலையின் பகுதி. பணி முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது அது உறைக்குள் போய்விட வேண்டும்.

எங்கெல்லாம் கொண்டுபோகக் கூடாது?

உரிமத்தின் நிபந்தனைகளைப் பலர் படிப்பதே இல்லை. சிறப்பு அனுமதி இல்லாமல் திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிலைய வளாகம் ஆகிய இடங்களுக்குத் துப்பாக்கியை எடுத்துச் செல்லக் கூடாது என்பது அதில் முக்கியமானது.

சிதம்பரம்காரர்களுக்கு இது தினசரி விஷயம். ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம் என்றால் தேரோடும் வீதிகள் முழுக்கக் கூட்டம். அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நண்பரைப் பார்க்க ‘சும்மா அஞ்சு நிமிஷம்’ வளாகத்துக்குள் போனாலும் நிபந்தனை மீறல்தான். தேவனாம்பட்டினம் மாசி மகத்துக்கும், வடலூர் தைப்பூசத்துக்கும் இதே கணக்கு.

முள்ளோடையில் மறந்துவிடாதீர்கள்

கடலூர்காரர்களுக்குப் புதுச்சேரி பக்கத்துத் தெரு மாதிரி. பைக்கை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் முள்ளோடை. ஆனால் அந்த எல்லையைத் தாண்டினால் வேறு யூனியன் பிரதேசம். உங்கள் உரிமம் தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால், அங்கே அந்தத் துப்பாக்கிக்கு உரிமம் இல்லை என்றே பொருள். எந்தப் பகுதி வரை செல்லும் என்பது உரிமத்திலேயே இருக்கும். கிளம்பும் முன் அதைப் பாருங்கள். துப்பாக்கி உடன் இருக்கும்போதெல்லாம் உரிமமும் உடன் இருக்கட்டும்.

பணியில் இருப்பவர்களுக்கு

துப்பாக்கியில் தோட்டா இருக்கிறது என்று நினைத்தே எப்போதும் கையாளுங்கள். குழல் எந்த நேரத்திலும் வரிசையில் நிற்கும் மக்கள் பக்கம் திரும்பக் கூடாது. சுடும் நொடி வரை விசையில் விரல் போகவே கூடாது. சுட்டால் தோட்டா எங்கே போகும், இலக்குக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

டீ குடிக்கப் போகும்போது நாற்காலியில் சாய்த்து வைப்பது, ‘கொஞ்சம் பிடிங்க சார்’ என்று ஊழியரிடம் கொடுப்பது இரண்டும் வேண்டாம். உரிமம் இல்லாதவர் கையில் போனால் அவருக்கும் வழக்கு, உங்களுக்கும் வழக்கு.

துடைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோ, முதலில் மடித்துத் திறந்து குழலுக்குள் கண்ணால் பாருங்கள். தோட்டாவை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை பாருங்கள். 20 ஆண்டு ராணுவ அனுபவம் இருந்தாலும் இதில் சலுகை கிடையாது.

வீட்டில் எங்கே வைப்பது?

பரண், பீரோவின் மேல்பகுதி, கட்டிலுக்கு அடியில், துணி அடுக்குக்குப் பின்னால்... இவையெல்லாம் ‘பிள்ளைகளுக்குத் தெரியாது’ என்று பெரியவர்கள் நம்பும் இடங்கள். வீட்டில் பிள்ளைகளுக்குத் தெரியாத இடம் என்று ஒன்று கிடையாது.

தோட்டாவை நீக்கிய துப்பாக்கி ஒரு இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்கட்டும். தோட்டாக்கள் வேறு இடத்தில் தனிப் பூட்டில் இருக்கட்டும். சாவி உரிமம் பெற்றவரிடம் மட்டும் இருக்கட்டும். ‘துப்பாக்கியைப் பார்த்தால் தொடாதே, உடனே வந்து சொல்’ என்று குழந்தைகளிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். மறைத்து வைப்பதைவிட அதுதான் பாதுகாப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் தொடர்ந்து சண்டை, குடிப்பழக்கம், யாருக்காவது மனச்சோர்வு என்று இருந்தால் துப்பாக்கி அந்த வீட்டில் இருக்கவே கூடாது. காவல் நிலையத்தில் ஒப்படைப்பது பற்றிக் கேளுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

கொண்டாட்டமும் வேண்டாம், கோபமும் வேண்டாம்

கல்யாணத்தில் வானத்தை நோக்கிச் சுடுவதைத் தடுக்கவும் 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். மற்றவர் உயிருக்கு ஆபத்து வரும்படி கொண்டாட்டத்துக்காகச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கியோடு ரீல்ஸ், ஸ்டேட்டஸ் எதுவும் வேண்டாம். உங்களுக்கு எதிரான ஆதாரத்தை நீங்களே பதிவேற்றுவது போலத்தான்.

வரப்புத் தகராறுக்கு எடுத்துப் போகவே போகாதீர்கள். தற்காப்பு உரிமை உண்டுதான். ஆனால் ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்குத்தான் அது பொருந்தும். அதேபோல, துப்பாக்கி உரிமம் வேட்டை உரிமம் அல்ல. வீராணம் ஏரிப் பறவைகளைச் சுட்டால் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். பயிரைக் காட்டுப்பன்றி நாசம் செய்தாலும் வனத்துறையிடம்தான் போக வேண்டும்.

தேர்தல் வந்தால்... தாத்தா போனால்...

தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். வங்கிக் காவலர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் விலக்கு கிடைப்பது வழக்கம். இருந்தாலும் உங்களுக்கு உண்டா என்று காவல் நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒப்படைத்தால் ரசீது வாங்க மறக்காதீர்கள்.

பழைய மிராசு வீடுகளில் தாத்தா காலத்துத் துப்பாக்கி சுவரில் தொங்கலாம். உரிமம் அவர் பெயரில் இருந்தது. அவர் மறைவோடு அது முடிந்துவிட்டது. நினைவுப் பொருள் என்று வைத்திருக்க முடியாது. தாமதிக்காமல் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, வேண்டுமானால் வாரிசாக விண்ணப்பியுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்க முடியும். உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.

இன்று மாலை 10 நிமிடம் ஒதுக்குங்கள். உரிமத்தை எடுத்து காலாவதித் தேதியையும், எந்தப் பகுதி வரை செல்லும் என்பதையும் பாருங்கள். தேதி நெருங்கினால் இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். பிறகு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அந்தப் பெட்டிச் சாவி எங்கே இருக்கு, தெரியுமா?’

யாராவது ‘தெரியும்’ என்று சொன்னால், இன்றே இடத்தை மாற்றிவிடுங்கள்.