எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள்

மரவேலைப் பட்டறையில் ஒரு பொருள் முடியும் தறுவாயில்தான் பலருக்கும் அவசரம் வருகிறது. அளந்து, அறுத்து, இழைத்து, ஒட்டி, இரண்டு வாரம் பொறுமையாக உழைத்தவர்கள்கூட எண்ணெய் பூசும் வேலையைக் கடைசி அரை மணி நேரத்திற்குத் தள்ளிவிடுகிறார்கள். தளவாடத் தயாரிப்பு படிக்கும் நான் இதை ஒவ்வொரு தவணையும் பார்க்கிறேன். பொருளின் அழகு மட்டுமல்ல, பட்டறையின் பாதுகாப்பும் அந்த அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது.

நாங்கள் அதிகம் பயன்படுத்துவது ரப்பர் பலகை. நம் தாத்தா பாட்டிமார் தோட்டத்தில் சீவிய அதே பால்மரம்தான். 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் மறுநடவுக்காக அதைச் சாய்ப்பார்கள். பூஞ்சையும் வண்டும் எளிதில் தாக்கும் என்பதால் ஒரு காலத்தில் அது விறகாகவும் கரியாகவும்தான் போனது. அறுத்த பலகைக்குப் போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகு, ஜொகூரின் மூவாரில் நாற்காலியும் மேசையுமாகிக் கப்பலேறுகிறது. வெளிறிய நிறம் கொண்ட இந்தப் பலகை எண்ணெய் பட்டதும் தேன் நிறத்துக்கு மாறும். அதுவரை தெரியாத ரேகைகள் எழுந்து வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த நிமிடம் அலுக்கவில்லை.

எண்ணெய் காய்கிறது என்கிறோம். ஆனால் ஈரத்துணி காய்வதுபோல் அது காய்வதில்லை. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். ஆளிவிதை எண்ணெய் எங்கும் போவதில்லை. அதன் மூலக்கூறுகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகள் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு வினைபுரிய, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு திடமான படலமாக மாறுகின்றன. அப்போது வெப்பமும் வெளிப்படுகிறது. படிவம் 5 வேதியியலில் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கும் வெப்ப வேதியியல், பாலிமர், எண்ணெயும் கொழுப்பும் ஆகிய மூன்றையும் ஒரே பலகையில் பார்த்துவிடலாம்.

சமையலறையில் உள்ள எண்ணெய் போதாதா என்று தம்பி தங்கைகள் கேட்பதுண்டு. போதாது. தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. செம்பனை எண்ணெயிலும் தேவையான அளவுக்கு இரட்டைப் பிணைப்புகள் இல்லை. இரண்டும் இறுகாமல் பிசுபிசுவென்றே இருந்து, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். செம்பனையால் பெயர்பெற்ற நாட்டில் இருந்துகொண்டு மரத்துக்குப் பூச வேறோர் எண்ணெயைத் தேடிப் போகிறோம்! ஆளிவிதை எண்ணெயும், சீனாவில் பழங்காலம் முதலே புழங்கும் டங் எண்ணெயும்தான் இதற்குச் சரிப்படும். கடையில் ‘பாய்ல்டு லின்சீட்’ என்ற பெயரில் கிடைப்பது வெறுமனே காய்ச்சிய எண்ணெய் அன்று. சீக்கிரம் இறுகுவதற்காகப் பொதுவாக அதில் உலோகச் சேர்மங்களைக் கலக்கிறார்கள். ஆகவே காய்கறி நறுக்கும் பலகைக்கு அது வேண்டாம். உணவுத் தரத்தில் உள்ள மினரல் ஆயில் தடவுங்கள். அது இறுகாது, சிக்கும் பிடிக்காது. பலகை வெளுத்தால் மறுபடி தடவிக்கொள்ளலாம்.

பூசும் முறை எளிது. 120, 180, 220 என்று வரிசையாக சேண்ட்பேப்பர் போட்டு, ரேகையின் போக்கிலேயே தேயுங்கள். தூசியை முழுவதும் துடையுங்கள். பழைய பருத்தித் துணியில் கொஞ்சம் எண்ணெய் எடுத்துத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். உடனே உறிஞ்சி மங்கிப்போன இடங்களில் மட்டும் இன்னும் கொஞ்சம். அதன் பிறகு மேலே மிஞ்சியதைச் சுத்தமாகத் துடைத்தெடுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எண்ணெய் அதிகம் நின்றால் பளபளக்கும் என்று நினைப்பு. கனமாக நிற்கும் எண்ணெய் காற்றுப் படும் மேற்பரப்பில் மட்டும் ஆடைபோல் இறுகும். அடியில் ஈரம் அப்படியே கிடக்கும். ஒரு வாரம் கழித்தும் புத்தகத்தை வைத்தால் ஒட்டும். மெல்லிய பூச்சாக மூன்று முறை, நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. மழைக்காலமானால் நான் இரண்டு நாள் விடுவேன். கொப்பிக் கோப்பை தினமும் உட்காரும் மேசைக்கு வார்னிஷே மேல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எண்ணெய்ப் பூச்சில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி பூசலாம். மாணவர் கைக்கு அதுதான் ஏற்றது.

இனி, துடைத்த துணி. அதிலும் அதே வினைதான் நடக்கிறது. விரித்துப் போட்டால் வெப்பம் காற்றோடு போய்விடும். சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டால் வெப்பம் உள்ளேயே தங்கும். சூடு ஏற ஏற வினை வேகமெடுக்கும், வேகமெடுக்க மேலும் சூடேறும். நெருப்புப் பொறி எதுவும் தேவையில்லை. சில மணி நேரம் கழித்து, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, துணி தானாகவே பற்றிக்கொள்ளும்.

இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் இருந்தது. 22ஆம் மாடியில் மரச்சுவர்களைப் புதுப்பித்தவர்கள் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளை அங்கேயே விட்டுப் போனார்கள். 1991 பிப்ரவரி 23, சனிக்கிழமை இரவு அந்தத் துணிகளிலிருந்து தீ கிளம்பியது. ஏறக்குறைய 19 மணி நேரம் எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தனர். தண்ணீர் தெளிப்பான்கள் பொருத்தியிருந்த 30ஆம் மாடியை எட்டியபோதுதான் தீ நின்றது. அந்தக் கட்டடம் பிறகு பயன்பாட்டுக்கு வரவேயில்லை, இடித்துவிட்டார்கள்.

எங்கள் பட்டறைக்குப் பின்னால் ஒரு கம்பி வேலி இருக்கிறது. வேலை முடிந்ததும் துணிகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் அதில் விரித்துப் போடுவோம். அப்பளம்போல் விறைத்த பிறகே அவை குப்பைக்குப் போகும். மழை பெய்தால், அல்லது விரிக்க இடமில்லாத அடுக்குமாடி வீட்டில் வேலை செய்தால், மூடியுள்ள தகர டின்னில் தண்ணீரை நிரப்பி, துணியை முழுக்க அமிழ்த்தி, மூடி, வெளியே வையுங்கள். பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுப் புத்தகப்பைக்குள் வைக்கவே வைக்காதீர்கள்.