அரக்கு மெருகும் வன்னி மரமும்

பாரதங் கற்றோர் அரக்கு மாளிகையை மறவார். எளிதில் உருகித் தீப்பற்றும் அரக்கைக் கொண்டு பாண்டவரை எரித்தழிக்கத் துரியோதனன் சூழ்ந்தான் என்பது கதை. அழிவுக்குக் கருவியாகச் சொல்லப்பட்ட அவ்வரக்கே மரத்தைக் காக்கும் மெருகாகவும் நெடுங்காலம் பயன்பட்டு வருகின்றது. அதன் இயல்பையும், வன்னி நிலத்தில் அதனைக் கையாளும் முறையையும் ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

அரக்கு மரப்பிசின் அன்று. ஒருவகைச் சிறு பூச்சி கிளையின் சாற்றை உறிஞ்சித் தன் உடலின்மேற் கவசமாகச் சுரப்பதே அரக்கு. கிளையோடு எடுப்பது கொம்பரக்கு. அதனைக் கழுவி உருக்கி அவல்போல் மெல்லிய தகடாக்கியது அவலரக்கு. இப்பூச்சி வாழும் மரங்களுட் சிறந்தது கூழா. வன்னிக் காட்டிலும் அது வளர்கின்றது. ஒட்டுசுட்டானை அடுத்த கூழாமுறிப்பின் பெயரிலும் நிலைத்து நிற்கின்றது. எனினும் அரக்கு மிகுதியாக விளையும் நாடு இந்தியாவே. அங்கு ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்னுமிடத்தில் 1924இல் அரக்காராய்ச்சிக்கென ஒரு நிலையமே நிறுவப்பட்டது.

மரம் வெட்டுண்ட பின்னரும் ஓய்ந்திருப்பதன்று. சோளகம் வீசும் கோடையில் ஈரத்தை இழந்து சுருங்கும். வாடையொடு வரும் மாரியில் ஈரத்தை ஏற்று விரியும். ஒரு முகம் மாத்திரம் மெருகிடப்பெற்ற பலகை, மறுமுகத்தால் ஈரமேற்று வளையும். ஆதலின் மேசையின் அடிப்புறத்தையும் அலுமாரியின் உட்புறத்தையும் விடாது பூசுதல் வேண்டும். பலகையின் வெட்டுமுனை ஈரத்தை மிகுதியாக உறிஞ்சுமாதலால், அதற்கு ஒருமுறை கூடுதலாகப் பூசுதல் நன்று.

அரக்குப் படலம் காற்றிலுள்ள நீராவியை நன்கு தடுக்கும்; தேங்கும் நீருக்கும் சூட்டுக்குமோ தோற்கும். சூடான தேநீர்க் கோப்பை வைத்த இடத்தில் வெள்ளை வளையம் தோன்றுவது இதனாலேயே. எனவே வெளிக்கதவுக்கும் சமையலறை மேசைக்கும் இஃது ஏற்றதன்று. கறையானையும் இது தடுக்காது.

தச்சர் ‘ஸ்பிரிட்’ என வழங்கும் மெதிலேற்றிய மதுசாரத்தில் அரக்குக் கரையும். முதற் பூச்சுக்கு ஒரு லீற்றருக்கு 120 கிராமும், பின்னைய பூச்சுகளுக்கு 240 கிராம் வரையும் போதும். இரும்புப் பாத்திரம் அரக்கைக் கருக்கச் செய்யும். ஆதலால் கண்ணாடிப் போத்தலில் ஓரிரவு ஊறவைத்து, மெல்லிய துணியில் வடித்தெடுக்க. கரைத்த நாளைப் போத்தலின்மேல் எழுதி வைத்தல் நன்று. ஆறு மாதங் கடந்த கரைசலை முதலிற் கண்ணாடித் துண்டொன்றிற் பூசிப் பார்த்தல் வேண்டும். பசைபோல் நிற்குமாயின் அது மரத்திலும் காயாது. மதுசாரம் நஞ்சு, விரைவிற் தீப்பற்றுவது. ஆதலின் காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்பும் விளக்கும் அகன்றிருக்கப் பணிசெய்க.

பலகையைத் தேய்க்குந் தாளால் இழைவழியே தேய்த்துத் தூசகற்றி, பஞ்சைத் துணியிற் பொதிந்த பொட்டணியால் மெல்லெனப் பூசுதல் வேண்டும். தடிப்பாக ஒருமுறை பூசுவதினும் மெல்லிதாகப் பலமுறை பூசுவதே சிறப்பு. மழைநாளிற் பூசினால் படலம் வெண்மை பூக்கும். மாரிக்கு முன்னரே இப்பணியை முடித்தல் நன்று. முறையாகப் பூசப்பெற்ற முதிரைப் பலகையின் பட்டொளி காண்பார் கண்ணைக் கவரும்.

இனி, அரக்கின் தலையாய பண்பு யாதெனில், புதிய பூச்சுப் பழைய பூச்சைக் கரைத்து அதனோடு ஒன்றாதலே. பல வாணிசுகளுக்கு இப்பண்பில்லை. அவை பழுதுற்றால் முழுவதையுஞ் சுரண்டுதல் நேரும். வன்னி மக்கள் 2009இல் முடிவுற்ற போரின்போது வீடும் தளபாடமும் விட்டு நீங்கினர். மீண்டோர் பலருக்கு முன்னோர் கைப்பட்ட பொருளாக எஞ்சியது ஓர் அலுமாரியோ ஒரு நாற்காலியோதான். அத்தகையவற்றைச் சீவுளிகொண்டு சீவுவதற்கும் நிறப்பூச்சால் மறைப்பதற்கும் முன், மறைவான ஓரிடத்தில் ஒரு துளி மதுசாரம் இட்டுப் பார்க்க. மெருகு இளகிப் பசையாகுமாயின் அஃது அரக்கென்று கொள்ளலாம். தூசு நீக்கி, மெல்லிய புதுப்பூச்சு ஒன்றிரண்டு அளித்தாலே மங்கிய மரம் மீண்டும் ஒளிபெறும்.

முதிரையும் கருங்காலியும் வளர ஒரு மனிதனின் வாழ்நாளுக்கு மேலும் வேண்டும். இருப்பதைக் காத்தலே அம்மரங்களுக்கும் அவற்றை இழைத்த கைகளுக்கும் நாம் செய்யத்தக்க கைம்மாறு.