முழங்கை சரியாகும்... கரியர்? ‘டாமி ஜான் சர்ஜரி’ சொல்லும் இரண்டு கதைகள்

உத்தரப்பிரதேச ஈட்டி எறிதல் வீரர் ரிங்கு சிங். (கிரிக்கெட்டர் ரிங்கு இல்லை, இவர் வேற!) 2008-ல் ரியாலிட்டி ஷோ ஒன்றில் ஜெயித்து, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியில் ஒப்பந்தமானார். ஆனால், முழங்கை லிகமென்ட் காயத்தால் ‘டாமி ஜான் சர்ஜரி’ செய்துகொண்ட பிறகு, அவரால் ஆட்டத்துக்குத் திரும்பவே முடியவில்லை.

ஏன் முழங்கை?

கிரிக்கெட்டில் முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நீட்டி வீசினால் நோ-பால். பேஸ்பாலிலோ கையை மடக்கி, சாட்டை மாதிரி சுழற்றுவார்கள். அந்த இழுவை முழுக்க முழங்கையின் உட்புற லிகமென்ட் மீது விழும். ஒருநாள் அது கிழிந்துவிடும்.

சர்ஜரியில் என்ன நடக்கும்?

உடலின் வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்து, முழங்கை எலும்புகளில் துளையிட்டுக் கோப்பார்கள். மீண்டுவர ஓராண்டுக்கு மேலாகும். 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் இதை முதன்முதலில் செய்தது டாமி ஜானுக்கு. 1976-ல் திரும்பிய அவர், அதன் பிறகு மட்டும் 164 வெற்றிகளைக் குவித்து, 1989 வரை ஆடினார்.

அப்போ ரிங்குவுக்கு ஏன் நடக்கலை?

காயத்துக்கு முன்பே 124 வெற்றி பெற்றவர் ஜான். ரிங்குவோ மைனர் லீக்கில் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டிருந்தவர். சர்ஜரி முழங்கையை மீட்டுத் தரலாம். கற்க வேண்டிய வயதில் கைநழுவிய காலத்தை அல்ல. 2018-ல் அவர் டபிள்யூ.டபிள்யூ.இ மல்யுத்தத்துக்கு மாறினார்.